தெரிகிறது, உறுத்தவில்லை

ஐந்து வரிகள் அச்சிட்ட சிறிய அட்டை ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில், சன்னல் இல்லாத அறையில், அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் என்னையறியாமல் அவற்றைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன்: தெரியவே இல்லை; தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை; கொஞ்சம் உறுத்துகிறது; உறுத்துகிறது; மிகவும் உறுத்துகிறது. ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடியும் மதிப்பெண். சுருக்கப்பட்ட வீடியோ ஒன்றைக் காட்டுவார்கள், அதிலுள்ள குறை எந்த வரியில் அடங்குகிறது என்று நான் குறிக்க வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் எரிச்சலூட்டுவது என்பதுதான். எனக்கு ஏன் உறுத்தல் என்று வந்தது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். எரிச்சல் முழுக்க என்னுடையது. வெயில் அதிகமாக இருந்தாலும் வரும், பேருந்தில் இடம் கிடைக்காவிட்டாலும் வரும். உறுத்தலுக்கு ஒரு துரும்பு வேண்டும். அது வந்து விழ ஒரு கண்ணும் வேண்டும். அன்று நான் குறித்த எண்களில் ஒன்று மட்டும் இன்னும் எனக்குள் அப்படிக் கிடக்கிறது.

அந்த அறையின் சுவர்கள் சாம்பல் நிறம். திரைக்குப் பின்னால் மங்கலான விளக்கொன்று, பகல் வெளிச்சத்தின் வெண்மைக்கு ஒத்துவருமாறு தேர்ந்தெடுத்தது. உள்ளே விடுவதற்கு முன் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைப் புரட்டிக் காட்டினார்கள். திரை எவ்வளவு உயரமோ அதைப் போல மூன்று மடங்கு தள்ளி நாற்காலி. இவையெல்லாம் அந்த ஆய்வுக்கூடத்தின் தனி ஏற்பாடுகள் அல்ல. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1974இல் முதன்முதலாக ஏற்று, இன்றுவரை திருத்தித் திருத்திப் புதுப்பித்துவரும் பிடி.500 என்ற பரிந்துரை சொல்வதைத்தான் செய்தார்கள். குறைந்தது 15 பேர் பார்க்க வேண்டும். பொதுவாக அவர்கள் படத்தொழில் அறியாதவர்களாக இருக்க வேண்டும். ஓர் அமர்வு அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மூலப்படம் 10 விநாடி, அடுத்து 3 விநாடி வெறும் சாம்பல் திரை, பிறகு சுருக்கிய படம் 10 விநாடி, மறுபடியும் சாம்பல். அந்த இரண்டாவது சாம்பலில்தான் எண்ணைக் குறிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் சில படங்களுக்கு நாம் போடும் மதிப்பெண்கள் கணக்கில் சேராது. கண் ஒரு நிலைக்கு வருவதற்காக அவற்றைக் காட்டுகிறார்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த 3 விநாடிச் சாம்பல்தான். இரண்டு படங்களை ஒப்பிடுகிறோம் என்றுதான் சோதனை சொல்கிறது. ஆனால் இரண்டாவது படம் வரும்போது முதலாவது எங்கே இருக்கிறது? நினைவில். நினைவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது கெட்டிருக்கிறது என்று கேட்கிறார்கள்.

காட்டிய படங்களில் சில, ஸ்வீடன் நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி 2006இல் இந்த வகைச் சோதனைகளுக்கென்றே வெளியிட்டவை. 65 மி.மீ. பிலிமில், விநாடிக்கு 50 ஃபிரேம் வீதம் எடுத்தவை. ஒன்றில் பெருங்கூட்டம் ஓடிவரும். இன்னொன்றில் பூங்காவில் சிலர் ஓட, அவர்களுக்கும் நமக்கும் நடுவே மரங்கள் கடந்து போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவதில் வாத்துகள் நீரைவிட்டு எழும்பிப் பறக்கும். வாத்துகளை அன்று நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். எந்த வாத்து முதலில் சிறகை அடிக்கும், எது கொஞ்சம் தயங்கிப் பின்தங்கும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. விநாடிக்கு அனுப்பும் தகவலின் அளவான பிட்ரேட்டைக் குறைக்கக் குறைக்க முதலில் போவது தண்ணீர்தான். சிற்றலைகளின் ஓரங்கள் மழுங்கி, பரப்பு முழுக்க மெழுகு பூசியதுபோல ஆகி, பிறகு மெழுகு கட்டம் கட்டமாக வெடிக்கும். வாத்துகள் கடைசிவரை ஓரளவு வாத்துகளாகவே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு தேநீர் கொடுத்தார்கள். சோதனையை நடத்திய இளைஞர் என் தாளைப் பார்த்துவிட்டு, "சார், சில ஜோடியில ரெண்டுமே மூலப்படம்தான். ஒரு மாற்றமும் இருக்காது. நீங்க வாத்து கிளிப் ஒண்ணுக்கு மூணு போட்டிருக்கீங்க" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்ற தொனியில் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தப் படத்தை நான் மறக்கவில்லை. திரையின் இடது கீழ் மூலையில் தண்ணீர் மெழுகாக மாறியதை நான் பார்த்தேன். இப்போது கண்ணை மூடினாலும் அந்த மூலை தெரிகிறது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அந்தப் பரிந்துரையைத் தேடிப் படித்தேன். என்னைப் போன்றவர்களை என்ன செய்வார்கள் என்பதற்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் எல்லோரும் போட்ட எண்களின் சராசரியையும் பரவலையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் அந்தப் பரவலுக்கு மேலே எத்தனை தடவை போகிறார், கீழே எத்தனை தடவை போகிறார் என்று எண்ணுகிறார்கள். மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் வெளியே நின்று, அதுவும் மேலும் கீழுமாக ஏறத்தாழச் சமமாக ஆடினால், அவருடைய மதிப்பெண்கள் அத்தனையையும் நீக்கிவிடலாம். எப்போதும் கடுமையாகவே போடுகிறவரை இந்தக் கணக்கு தொடுவதில்லை. எப்போதும் தாராளமாகப் போடுகிறவரையும் தொடுவதில்லை. ஒரு சமயம் இல்லாததைப் பார்த்து, இன்னொரு சமயம் இருப்பதைக் காணாமல் விடுகிறவரைத்தான் வெளியே அனுப்புகிறது. இதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். 15 பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவரின் தடுமாற்றம் சராசரியை இழுத்துவிடும். 2017இல் ஜீ லீ, கிறிஸ்டோஸ் பாம்ப்பிஸ் ஆகிய இருவர் வேறொரு வழி சொன்னார்கள்: யாரையும் நீக்க வேண்டாம், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சாய்வு, எவ்வளவு தடுமாற்றம் என்பதையும் சேர்த்தே மதிப்பிட்டு, எல்லோர் எண்களிலிருந்தும் படத்தின் தரத்தைப் பிரித்தெடுக்கலாம் என்று. படித்தபோது மனதுக்கு இதமாக இருந்தது. என் தடுமாற்றத்துக்கும் ஒரு நெடுவரிசை உண்டு என்ற இதம். என் எண்கள் அன்று வைக்கப்பட்டனவா எறியப்பட்டனவா என்று நான் கேட்கவே இல்லை.

இன்னொரு அளவுகோலும் உண்டு. குறையைக் கேட்காமல் நேரடியாகத் தரத்தைக் கேட்பது. அதிலும் ஐந்து படிகள். தமிழில் சொல்லிப் பார்த்தால் மிக நன்று, நன்று, பரவாயில்லை, சுமார், மோசம். சொற்களுக்கு ஐந்து, நான்கு, மூன்று என்று எண் கொடுத்துச் சராசரி எடுத்தால் கிடைப்பதைத்தான் உலகம் முழுக்க வீடியோவின் தரம் என்கிறார்கள். சொற்களுக்கு இடையிலான தூரம் சமமாக இல்லை, மொழிக்கு மொழி மாறுகிறது என்று 1980களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். எண்கள் மட்டும் சமதூரத்தில் நிற்கின்றன. தமிழில் அந்த நடுப்படியில் என் மனம் நின்றுவிடுகிறது. பரவாயில்லை என்பது தரத்தைச் சொல்லும் சொல்லா? காலை மிதித்தவரிடம் அதைத்தான் சொல்கிறோம். கடன் திரும்பத் தாமதமானாலும் அதையே சொல்கிறோம். சாப்பாடு எப்படி என்று கேட்டால், கேட்டவர் யார் என்பதைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், மன்னிப்பாகவும் இருக்கும். பாதிக்கப்பட்டவர் பாதிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு எதிரில் இருப்பவரை விடுவிக்கும் சொல் அது. நாம் கைப்பேசியில் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி இந்தச் சொல்லின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனம் பிட்ரேட்டை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று முடிவுசெய்யும் இடம், ஆயிரக்கணக்கானவர்கள் பரவாயில்லை என்று சொல்லி விட்டுக்கொடுத்த இடம்.

எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் கணக்காகப் பார்த்தால் தலை சுற்றும். 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 25 ஃபிரேம். பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட். வீட்டுக்கு வந்து சேருவது விநாடிக்கு 50 லட்சம் பிட் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? ஒரு பகுதி, முந்தைய ஃபிரேமில் இருந்ததே மறுபடியும் வருவதால் சொல்லத் தேவையில்லாமல் போனது. மற்றது நம் கண் கேட்காது என்று நம்பிக் கழித்தது. நிறத்தில் முதல் கழிப்பு நடக்கிறது. வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, நிறத் தகவலில் நாலில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நிறத்தின் நுண்விவரத்தை நம் கண் அவ்வளவாகப் பிரித்தறியாது. பெரும்பாலான நேரம் யாருக்கும் தெரிவதில்லை. கருஞ்சிவப்புப் புடவையின் கரை கறுப்புப் பின்னணியில் முடியும் இடத்தில் உற்றுப் பாருங்கள், ஓரம் படிக்கட்டுபோல இருக்கும். அடுத்த கழிப்பு அலைகளில். நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட தனித்த கொசைன் உருமாற்றம் என்ற கணக்கு, படத்தின் சிறு சதுரத்தை மெதுவான மாற்றங்கள், வேகமான மாற்றங்கள் என்று பிரித்துத் தருகிறது. வேகமானவற்றைத் தோராயமாக்கினால் போதும், கோப்பு சுருங்கிவிடும். பெங்களூருவில் பிறந்த அகமது இந்த யோசனைக்கு 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டு, கிடைக்காமல், சம்பளமில்லாத கோடை விடுமுறையில் வேலையைச் செய்து முடித்தார். இன்று நாம் காணும் முகங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கணக்கின் ஏதோ ஒரு வழித்தோன்றல் வழியாக வந்தவை. அதை நினைக்காமல் என்னால் இப்போது ஒரு கன்னத்தைத் திரையில் பார்க்க முடிவதில்லை.

எங்கே கழித்தால் தெரியும், எங்கே கழித்தால் தெரியாது என்பது நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஓடும் கூட்டத்தில் நூறு பிழைகளை ஒளித்துவைக்கலாம். சட்டைகளின் கோடுகளும் கால்களின் நெரிசலும் அவற்றை மூடிவிடும். மேகமில்லாத அந்தி வானத்தில் ஒன்றை ஒளிக்க முடியாது. நீலம் செம்மையாக மாறும் சரிவு, வரைபடத்தின் உயரக்கோடுகள்போலப் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். நிறைய இருக்கும் இடத்தில் இழப்பு தெரிவதில்லை, ஒன்றுமே இல்லாத இடத்தில் தெரிகிறது. பிலிமின் துகள்களுக்கு நடந்தது இதைவிட விசித்திரம். பிலிமில் எப்போதும் மெல்லிய துகளாட்டம் உண்டு. ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருப்பதால் அதைச் சுருக்குவது கடினம். படத்தைச் சுருக்கும் என்கோடர் அதை இரைச்சல் என்று துடைத்துவிடும். துடைத்தால் முகங்கள் பொம்மைகள்போல ஆகி, அது வேறுவிதமாக உறுத்துகிறது. அதனால் 2018இல் வந்த ஏவி1 முறையில் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: துகளை நீக்கிவிட்டுப் படத்தைச் சுருக்கு, துகள் எப்படிப்பட்டது என்ற விவரத்தை மட்டும் சில எண்களாக அனுப்பு, பார்ப்பவரின் கருவி அதே சாயலில் புதுத் துகளைத் தயாரித்துத் தூவிக்கொள்ளட்டும். நாம் பார்க்கும் எந்தத் துகளும் அந்தப் பிலிமில் அந்த இடத்தில் இருந்தது அல்ல. பார்க்கிறவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள், நானும் இருந்தேன்.

மனிதர்களை உட்காரவைத்துக் கேட்பது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. எனவே எண்ணைத் தானாகக் கணக்கிடும் வழிகளைத் தேடினார்கள். மூலப்படத்துக்கும் சுருக்கிய படத்துக்கும் புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் பார்க்கும் பழைய கணக்கு பிஎஸ்என்ஆர். உறுத்தலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1997இல் டூரினில் கூடித் தொடங்கிய விகியூஇஜி என்ற வல்லுநர் குழு, போட்டிபோட்ட புதிய கணக்குகளையெல்லாம் சோதித்து 2000இல் அறிக்கை கொடுத்தபோது, அவற்றில் எதையும் அந்தப் பழையதைவிடத் தெளிவாக மேலானது என்று சொல்ல முடியவில்லை. 2004இல் எஸ்எஸ்ஐஎம் வந்தது, கட்டமைப்பின் ஒப்புமையைப் பார்ப்பது. 2016இல் நெட்ஃபிளிக்ஸ் விமாஃப் என்பதை வெளியிட்டது. அது பல கணக்குகளை எடுத்து, அறைகளில் உட்கார்ந்து எண் போட்ட மனிதர்களின் மதிப்பெண்களோடு பொருந்துமாறு பழக்கப்படுத்தப்பட்டது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு எண் தரும். கைப்பேசியில் பார்ப்பவருக்கென்று தனி மாதிரிகூட அதில் உண்டு, அங்கே குறை அவ்வளவாகத் தெரியாது என்பதால். அந்த எண்ணை ஏமாற்றும் வழியையும் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். படத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கிவிட்டால் எண் ஏறிவிடும். 2020இல் அதைத் தடுக்கும் வடிவம் ஒன்று வந்தது. எனக்கு இங்கே நெருடுவது வேறு. கூர்மையாக்கிய படத்துக்கு எண் ஏறியது, மனிதர்கள் அப்படிப்பட்ட படத்தை விரும்பியதால்தான். எந்திரம் நம் விருப்பத்தை நம்மைவிட நேர்மையாகத் திருப்பிச் சொன்னது. அந்த விருப்பத்தைத்தான் பிறகு பிழை என்று திருத்தினோம்.

விருப்பம் என்றதும் அம்மாவின் நினைவு வருகிறது. ஊரில் ஆன்டெனா காலத்திலிருந்து தொலைக்காட்சி பார்த்தவள். அண்ணன் மொட்டைமாடியில் நின்று கம்பத்தைத் திருப்புவான், நான் நடுவில் நின்று கத்துவேன், அம்மா உள்ளே இருந்து "இப்போ வருது, இப்போ போயிடுச்சு" என்பாள். அந்தக் காலத்துக் குறைகள் படத்தின்மேல் வந்து விழுந்தவை. புள்ளிகள், கோடுகள், பக்கத்தில் ஒரு நிழல் உருவம். பழைய பிலிம் கீறியிருந்தால் திரையில் மழை பெய்கிறது என்போம். மழைக்கும் படத்துக்கும் வித்தியாசம் யாருக்கும் குழம்பியதில்லை. மழைக்குப் பின்னால் படம் இருந்தது. டிஜிட்டல் குறைக்குப் பின்னால் எதுவும் இல்லை. அது படத்தின் சொந்தச் சரக்கிலிருந்தே செய்யப்படுகிறது. கன்னத்தின் நிறத்தைக் கொண்டே கன்னத்தை அழிக்கிறது. முந்தைய ஃபிரேமில் இருந்த சுவரின் துண்டை எடுத்து இந்த ஃபிரேமின் தோளில் ஒட்டுகிறது. பொய், மெய்யின் துணியிலேயே தைக்கப்பட்டிருப்பதால், மெய்யையும் சந்தேகிக்கப் பழகிவிடுகிறோம். அந்த வாத்துகளின் தண்ணீரில் எனக்கு நடந்தது இதுதானோ என்று சில நாட்கள் தோன்றும். தண்ணீர் தானாகவே ஒரு நொடி மழுங்கியிருக்கலாம், காற்று நின்றிருக்கலாம். பத்தொன்பது முறை என்கோடர் செய்ததை இருபதாவது முறை காற்று செய்தது.

பிலிப் கோர்ட்டம், மார்க் சல்லிவன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பார்ப்பவருக்குப் பிடித்த உள்ளடக்கமாக இருந்தால் அதன் படத்தரத்துக்கும் அவர் அதிக மதிப்பெண் கொடுக்கிறார் என்று காட்டியது. ஒலி நன்றாக இருந்தாலும் படத்தின் மதிப்பெண் சற்று ஏறுகிறது. கடைசியில் வந்த குறை நினைவில் நிற்கிறது, முதலில் வந்தது மங்கிவிடுகிறது. இவற்றையெல்லாம் ஆய்வாளர்கள் சாய்வுகள் என்கிறார்கள், விலக்க முயல்கிறார்கள். அறையில் எங்களுக்குச் சொன்னதும் அதுதான்: உள்ளடக்கத்தைப் பார்க்காதீர்கள், படத்தை மட்டும் பாருங்கள். வாத்தைப் பார்க்காமல் வாத்தின் படத்தை எப்படிப் பார்ப்பது? கொஞ்ச நேரம் முயன்றால் வருகிறது. கண் தளர்ந்து, பரப்பு மட்டும் மிஞ்சுகிறது. அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தேன். இலைகளை என்கோடர் எப்படிக் கையாளும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் இன்றுவரை முழுதாக விடவில்லை.

இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 28 அன்று கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் கடைசிப் பருவத்து மூன்றாம் பகுதி ஒளிபரப்பானது. 82 நிமிடம், முழுக்க ஓர் இரவுப் போர். 55 இரவுகள் படப்பிடிப்பு. மறுநாள் உலகெங்கும் ஒரே புகார், ஒன்றும் தெரியவில்லை என்று. கறுப்புக்குள் பட்டைகளும் கட்டங்களும் மிதந்தன. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், இருட்டு வேண்டுமென்றே வைத்தது, எடுத்தவனுக்குத் தெரியும், வீட்டுத் தொலைக்காட்சிகளின் அமைப்பும் சுருக்கமும்தான் காரணம் என்ற பொருளில் பதில் சொன்னார். அவர் சொன்னது சரி, புகார் சொன்னவர்களும் சரி. இருட்டில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது; இரண்டு மூன்று படிகளுக்குள் ஒரு முழு முகம் அடங்கிவிடும். என்கோடருக்கு அது ஏறத்தாழ வெற்றிடம். அங்கே பிட்டைச் செலவழிப்பதைவிட, நெருப்பும் வாளும் அசையும் இடத்தில் செலவழித்தால் சராசரி நன்றாக இருக்கும். செலவழிக்கிறது.

இதை நான் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் ஒரு கூத்து வீடியோ. செய்யாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்தின்போது யாரோ எடுத்து, பல கை மாறி, ஒவ்வொரு கையிலும் இன்னொருமுறை சுருங்கி, கடைசியில் இணையத்தில் ஏற்றப்பட்டது. கர்ண மோட்சம். நள்ளிரவு தாண்டியிருக்கும். வேடம் கட்டியவரின் மார்பிலும் தோளிலும் கண்ணாடிச் சில்லுகள், ஒவ்வொன்றிலும் விளக்கு வெட்டுகிறது. அவர் சுழன்று ஆடும்போது பாவாடை விரிகிறது. இருக்கும் பிட்டுகள் அத்தனையையும் அந்தச் சில்லுகளும் பாவாடையும் தின்றுவிடுகின்றன. முகவீணைச் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது. அரிதாரத்தின் சிவப்பு கொஞ்சம் வழிந்தாலும் முகம் தெரிகிறது. யாரைக் கேட்டாலும் நாலு போடுவார்கள், ஒப்பிட மூலப்படம் கிடைத்தால் விமாஃப்கூட நல்ல எண் தரலாம். ஆனால் நான் அந்த வீடியோவில் ஆட்டக்காரரைப் பார்க்கவில்லை. அந்த இரவு அப்பா அங்கே இருந்தார். இடது பக்கம், விளக்கு எட்டாத இடத்தில், முன்வரிசைக்குப் பின்னால் எப்போதும் உட்காரும் இடத்தில். அதற்கடுத்த ஆண்டு கூத்து கட்டும்போது அவர் இல்லை. அந்த மூலை முழுக்கக் கரும்பழுப்புச் சதுரங்கள். அவற்றுக்குள் ஊரே உட்கார்ந்திருக்கிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை என்கோடர் ஒரு ஃபிரேமை முழுதாகப் புதுப்பிக்கும். அந்தக் கணத்தில் சதுரங்கள் சிலிர்த்து, ஒரு தோள், ஒரு தலைத்துண்டு, யாரோ பீடியை வாய்க்குக் கொண்டுபோகும் கை என்று ஏதோ எழும். உடனே கரைந்துவிடும். அந்தத் துடிப்புக்காகக் காத்துக் காத்து எத்தனை இரவு பார்த்திருப்பேன் என்று தெரியாது.

படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்காமல், இதில் இவரை அடையாளம் தெரிகிறதா என்று கேட்கும் சோதனைகளுக்கும் ஒரு பரிந்துரை உண்டு: பி.912, 2008இல் வந்தது. கண்காணிப்புக் கேமராக்களுக்காக, வண்டி எண்ணையோ ஆளையோ பொருளையோ கண்டறிய வேண்டியவர்களுக்காக எழுதப்பட்டது. அதில் சராசரிக் கருத்துக்கு இடமில்லை, சரியாகச் சொன்னாயா இல்லையா என்பதுதான். சரியான விடை முன்பே தெரிந்திருந்தால்தான் அந்தச் சோதனையை நடத்த முடியும். ஸ்வீடனின் உப்சாலாவில் குன்னார் யோஹான்சன் 1973இல் செய்த சோதனை வேறு மாதிரி. இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை மட்டும் வைத்துப் படம்பிடித்தார். நிறுத்திக் காட்டினால் சிதறிய புள்ளிகள். ஓடவிட்டால் அடுத்த கணமே மனிதன் நடக்கிறான் என்கிறார்கள். 1977இல் ஜேம்ஸ் கட்டிங், லின் கோஸ்லோவ்ஸ்கி இருவரும், அப்படிப்பட்ட புள்ளிகளின் நடையிலிருந்தே சிலர் தங்கள் நண்பர்களை அடையாளம் கண்டுகொள்வதைக் காட்டினார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன். எதைத் தேடுவது என்று சொல்லவில்லை; கூத்து, பாரும்மா என்று மட்டும் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பாட்டுக்கு மெல்லத் தலையாட்டினாள். "கிளாரிட்டியாத்தான் இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலை நின்றது. விரலைத் திரையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள், தொடவில்லை. "தே, உங்கப்பா குந்திகினு இருக்காரு பாரு." எங்கே என்றேன். "இதோ. அவுரு இப்புடித்தான் ஒரு முட்டியத் தூக்கிவெச்சி குந்துவாரு. துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைக்கிறாரு பாரு." நான் வாங்கிப் படத்தை நிறுத்தினேன். அவள் காட்டிய இடத்தில் பழுப்புச் சதுரங்கள், ஒன்றின்மேல் ஒன்று. விரலால் பெரிதாக்கினேன், சதுரங்கள் பெரிதாயின. முட்டியும் இல்லை, துண்டும் இல்லை. "நிறுத்தாதடா" என்றாள் அம்மா. "வுடு, ஓடட்டும்." ஓடவிட்டேன்.